அப்பாவுக்குப் பக்கவாதம்: யு.டி.ஐ.டி. மருத்துவ மதிப்பீட்டுக்கு எப்படித் தயாராவது?

வைப்பாற்றுக்காரன்:

வணக்கம். அப்பாவுக்கு வயது 58. எட்டு மாதத்துக்கு முன்னால் மூளையின் இடது பக்கம் ரத்த அடைப்பு வந்து வலது கை கால் விழுந்துவிட்டது. இப்போது தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். வலது கையைத் தோள் உயரம் வரை தூக்குகிறார், ஆனால் விரல்கள் மடங்கியே இருக்கின்றன. பேச்சும் முன்போல இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் "சாவி" என்பார். நாம் சொல்வது அநேகமாகப் புரிகிறது.

யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டை) விண்ணப்பத்தை ஆன்லைனில் பாதி நிரப்பி வைத்திருக்கிறேன். "கை கால் இயக்கக் குறைபாடு" என்று போட்டிருக்கிறேன். கேட்க வேண்டியவை:

என்னென்ன பேப்பர் கொண்டுபோக வேண்டும்? டாக்டர் எதையெல்லாம் பார்ப்பார்? குறைபாடு 40 சதவீதம் என்று வருமா, மாதம் 2000 ரூபாய் உதவித்தொகைக்கு 75 வேண்டும் என்கிறார்களே, அது வர வாய்ப்பு உண்டா? கடைசியாக ஒன்று: வெளியாள் யார் கேட்டாலும் அப்பா "நல்லா இருக்கேன்" என்று தலையாட்டிவிடுவார். டாக்டர் முன்னாலும் அப்படிச் செய்தால் என்ன ஆகும்?

பச்சைமை:

தம்பி, விண்ணப்பத்தை அனுப்பிவிடாதீர்கள். அதில் பெரிய விஷயம் ஒன்று விடுபட்டிருக்கிறது. அப்பாவின் பேச்சு.

பக்கவாதம் என்றதும் எல்லாரும் கை காலை மட்டும் குறிப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு தனி வகை. அதன் விளக்கத்திலேயே அஃபேசியா என்ற சொல் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இருப்பது பெரும்பாலும் அதுதான். நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. அதனால் இரண்டு வகையையும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாத குறைபாட்டைப் பார்க்க அந்தத் துறை டாக்டரிடம் யாரும் அனுப்ப மாட்டார்கள். சான்றிதழ் வந்த பிறகு சேர்க்க வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

நேரம் சரியாகத்தான் இருக்கிறது. நரம்பு சார்ந்த பாதிப்பை நோய் வந்து 6 மாதம் கழிந்த பிறகே மதிப்பிட வேண்டும் என்பது நடைமுறை. மூன்றாவது மாதமே தூக்கிக்கொண்டு ஓடுபவர்களைத் திருப்பி அனுப்புவது இதனால்தான். உடல் இன்னும் தேறிக்கொண்டிருக்கும்போது எந்த எண்ணைப் போட்டாலும் அது நிற்காது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: சொந்த மாவட்டத்து ஆஸ்பத்திரிதான் என்று கட்டாயம் இல்லை. சிகிச்சை எடுத்த, அல்லது எடுத்துவரும் அரசு மருத்துவமனையையும் விதி அனுமதிக்கிறது. மதுரை ராஜாஜி மருத்துவமனையில் வைத்தியம் பார்த்திருந்தால் அங்கேயே கேட்கலாம். பழைய ஃபைல் அங்கேயே இருக்கும். பேச்சுப் பயிற்சியாளரும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில்தான் கிடைப்பார், தாலுகா ஜி.ஹெச்.சில் அநேகமாக இருக்க மாட்டார்.

இனி பேப்பர். எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரி அல்ல, ஒன்றிரண்டு மாதத்துக்குள் எழுதிய நரம்பியல் ஓ.பி. சீட்டு. மதிப்பிடும் டாக்டருக்கு வேண்டியது அப்பா இன்று எப்படி இருக்கிறார் என்பது. எட்டு மாதத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியில் அன்றைய நிலைதான் இருக்கும். ஓ.பி. சீட்டிலும் "அதே மாத்திரை தொடரவும்" என்று ஒரே வரி இருந்தால் பிரயோஜனமில்லை. மதிப்பீட்டுக்கு முன்னால் ஒருமுறை ஓ.பி.க்குப் போய், எந்தப் பக்கம், எப்போது வந்தது, கையின் பலம் எத்தனை, காலின் பலம் எத்தனை, விரலில் பிடிமானம் உண்டா, பேச்சு எப்படி, இவற்றை எழுதித் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். அதன் கீழே டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், கூடவே ஃபிலிம். பிசியோதெரபிக்குப் போன அட்டை இருந்தால் அதுவும். ஆதார், ரேஷன் கார்டு, ஆறு மாதத்துக்குள் எடுத்த போட்டோ. எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ். ஒரிஜினலைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பெயரைப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டில் முன்னால் இருக்கும், ரேஷன் கார்டில் இனிஷியலே இருக்காது. வயதும் சீட்டுக்குச் சீட்டு மாறும், ஏனென்றால் ஓ.பி. வரிசையில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்போம். யு.டி.ஐ.டி.யில் ஆதாரில் உள்ளபடிதான் வரும். இனி எடுக்கும் ஒவ்வொரு சீட்டிலும் ஆதாரைக் காட்டி அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டுக்கும் அட்டைக்கும் கட்டணம் கிடையாது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் "சதவீதம் கூட்டித் தர்றேன்" என்று வருகிறவர்களிடம் அப்பாவின் ஆதார் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

எட்டாம்படி:

டாக்டர் என்ன பார்ப்பார் என்பதற்கு நான் சொல்கிறேன்.

முதலில் தசை பலம். 0 முதல் 5 வரை எண் போடுவார்கள். 3 என்றால் கையைத் தானாகத் தூக்க முடியும், ஆனால் டாக்டர் லேசாக அழுத்தினாலே கீழே விழுந்துவிடும். 4 என்றால் ஓரளவு எதிர்த்து நிற்கும். பிறகு மூட்டு எவ்வளவு மடங்குகிறது, நீள்கிறது, தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

அடுத்தது வேலைகள். இயக்கக் குறைபாட்டுக்கான வழிகாட்டு நெறியில் கைக்குப் பத்து வேலைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 9 புள்ளி: தலைக்கு மேலே உள்ள பொருளை எடுத்து அதே இடத்தில் வைப்பது, விரல் நுனியால் மூக்கைத் தொடுவது, கையால் பிசைந்து சாப்பிடுவது, தலை சீவுவது, சட்டை போடுவது, மலம் கழித்தபின் கழுவுவது, டம்ளரில் தண்ணீர் குடிப்பது, பட்டன் போடுவது, வேட்டியோ நாடாவோ கட்டுவது, எழுதுவது. காலுக்கு ஒன்பது, தலா 10 புள்ளி: சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படியேறுவது, இரண்டு காலில் நிற்பது, பாதித்த காலில் மட்டும் நிற்பது, குத்துக்காலிட்டு உட்காருவது, சம்மணம் போடுவது, மண்டியிடுவது, திரும்புவது. பக்கவாதத்துக்கு நரம்பியல் கணக்கும் தனியாக உண்டு. ஆனாலும் மேசைக்கு முன்னால் டாக்டர் செய்து காட்டச் சொல்வது பெரும்பாலும் இவற்றில் நாலைந்துதான். எல்லாவற்றையும் சோதிக்க நேரம் இருக்காது. மீதியை உங்களிடம் கேட்பார். அங்கேதான் நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு வாரம் அப்பாவைக் கவனித்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். "ரொம்பக் கஷ்டப்படுகிறார்" என்று எழுதினால் டாக்டருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. இப்படி எழுதுங்கள்:

"சட்டை: இடது கையால் மட்டும். ஐந்து பட்டனுக்கு 7 நிமிடம். கழுத்துப் பட்டனை அம்மா போடுகிறார்."
"சாப்பாடு: இடது கையில் ஸ்பூன். வலது கையால் தட்டைப் பிடிக்க முடியாததால் தட்டு நகர்கிறது, அடியில் ஈரத்துணி போடுகிறோம்."
"கக்கூஸ்: இந்தியன் முறையில் உட்கார முடியாது. நாற்காலி வைத்திருக்கிறோம். எழுந்திருக்க ஒருவர் பிடிக்க வேண்டும்."
"படி: வாசலில் மூன்று படி. ஏறும்போது கைப்பிடி, இறங்கும்போது ஒருவர் முன்னால் நிற்க வேண்டும்."
"விழுந்தது: கடந்த மூன்று மாதத்தில் இரண்டு முறை, இரண்டும் குளியலறையில்."

உங்கள் வீட்டில் எது உண்மையோ அது மட்டும் இருக்கட்டும். நல்ல நாளும் வேண்டாம், மோசமான நாளும் வேண்டாம், சாதாரண நாள் எப்படி என்று எழுதுங்கள். அப்பா வலது கைப் பழக்கமுள்ளவர் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். பழக்கப்பட்ட கை பாதித்தால் அதற்குக் கூடுதல் புள்ளி உண்டு, கேட்காமல் விட்டால் அது போய்விடும்.

தலையாட்டும் விஷயம். அஃபேசியா உள்ளவர்களில் பலர் கேள்வி முழுதாகப் புரியாதபோதும் "ஆமாம்" என்றே தலையசைப்பார்கள். அதில் கௌரவமும் கலந்திருக்கும். அவரைத் திட்டி ஒத்திகை பார்க்க வேண்டாம். அறைக்குள் போனதும் டாக்டரிடம் ஒரே வாக்கியம் சொல்லுங்கள்: "சார், அப்பா எல்லாத்துக்கும் தலையாட்டிடுவார், செஞ்சு காட்டச் சொல்லிப் பாருங்க." அதன் பிறகு நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது கஷ்டம்தான். அவர் பட்டனோடு போராடும்போது கை தானாக உதவப் போகும், சொல்லுக்குத் தவிக்கும்போது நாக்கு எடுத்துக் கொடுக்கும். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் டாக்டர் கேட்பது உங்கள் பேச்சை.

உடைக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, வேட்டி அல்லது தளர்ந்த கால்சட்டை. முழங்காலும் கணுக்காலும் தெரிய வேண்டும். தடி, கணுக்கால் பட்டை, தோளுக்குத் தொட்டில் கட்டுவீர்கள் என்றால் அது, எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எதைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன், அன்று காலை மாத்திரையை நிறுத்தாதீர்கள். "மாத்திரை போடாமல் கூட்டிட்டுப் போனா நல்லா தளர்ந்து தெரியும்" என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு ரத்த அழுத்த மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையும் தவறினால் அடுத்த அடைப்பு வரலாம். தசை இறுக்கத்துக்கான மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வரிசையில் மூன்று மணி நேரம் ஆகலாம், மத்தியான மாத்திரையையும் கையில் வைத்திருங்கள். சர்க்கரை இருந்தால் பிஸ்கட்டாவது.

ஒலிச்சட்டம்:

பேச்சுப் பகுதியையும் கணக்கையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அஃபேசியாவுக்கு வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி என்ற சோதனை. தமிழிலும் செய்கிறார்கள். நாலு விஷயம் பார்ப்பார்கள்: தானாகப் பேசுவது, சொல்வதைப் புரிந்துகொள்வது, சொன்னதைத் திரும்பச் சொல்வது, பொருளைக் காட்டினால் பெயர் சொல்வது. நாலையும் கூட்டி நூற்றுக்கு ஒரு எண் வரும், குறையக் குறைய பாதிப்பு அதிகம். இதைக் காலையில், களைப்பில்லாமல் செய்துகொள்வது நல்லது. மூன்று மணி நேரம் வரிசையில் நின்றபின் செய்தால் வரும் எண் அப்பாவின் உண்மையான நிலையைக் காட்டாது. முடிந்தால் மதிப்பீட்டு நாளுக்கு முன்பே அரசு மருத்துவக் கல்லூரியில் இந்தச் சோதனையை முடித்து ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா படிப்பார், எழுதுவார் என்றால் அதையும் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். எந்த வகுப்பு வரை படித்தார் என்று தெரியாமல் "எழுத வரவில்லை" என்பதற்குப் பொருளில்லை. கண்ணாடி போடுவார் என்றால் கண்ணாடி வேண்டும். படம் தெரியாமல் பெயர் சொல்லவில்லை என்றால் அது கண்ணின் குறை.

சதவீதக் கணக்கில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கை காலுக்கு 50, பேச்சுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 90 என்று நினைப்பீர்கள். அப்படிக் கூட்டுவதில்லை. பெரிய எண்ணை அப்படியே வைத்து, 90-இலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்துச் சேர்ப்பார்கள். 90-இல் 50 போக 40. 40-ஐ 40-ஆல் பெருக்கினால் 1600. 90-ஆல் வகுத்தால் 17.8. ஆக மொத்தம் 67.8, அதாவது 68. மஞ்சள் அட்டை வரும், 75 வராது. அதே கை காலுக்கு 60 என்று வந்தால் 60-உடன் 13.3 சேர்ந்து 73. மறுபடி 75-க்குக் கீழே. 75 தாண்ட வேண்டுமென்றால் பெரிய எண்ணே அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது இரண்டுமே கனமாக இருக்க வேண்டும். உங்கள் அப்பா நடக்கிறார் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன், 75-ஐ மனதில் நிச்சயமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அட்டையின் நிறம் 2024 விதித் திருத்தத்தில் வந்தது: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குக் கீழே வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

75 வராவிட்டாலும் வழி மூடிவிடவில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை ஒன்று. வருவாய்த்துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு, அது 1500. அதற்கு 40 சதவீதம் போதும், ஆனால் குடும்ப நிலையைப் பற்றிய நிபந்தனைகள் உண்டு, தாசில்தார் ஆபீசில் பார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

கரிசல்மண்:

இதே இழையில் கேட்கலாமா? எங்கள் அத்தைக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது. இன்னொரு காது ஓரளவு கேட்கும். மிஷின் வைத்திருக்கிறார். அவருக்குக் கிடைக்குமா?

ஒலிச்சட்டம்:

நல்ல காது எவ்வளவு கேட்கிறது என்பதைப் பொறுத்தது. செவித்திறன் குறைவு என்று சட்டம் சொல்வது இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் வரை இழப்பு இருந்தால். 70-உம் அதற்கு மேலும் போனால் செவித்திறன் இழந்தவர் என்ற வகை. 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் என்று நாலு ஒலியில் சோதித்துச் சராசரி எடுப்பார்கள். ஏதாவது ஒன்றில் பதிலே வரவில்லை என்றால் அதை 95 டெசிபெல்லாக வைத்துக்கொள்வார்கள்.

கணக்கில் நல்ல காதுக்கு ஐந்து பங்கு, மோசமான காதுக்கு ஒரு பங்கு, கூட்டி ஆறால் வகுப்பார்கள். ஒரு காது 100 சதவீதம் போய், இன்னொன்று முழுக்க நன்றாக இருந்தால் 17 சதவீதம்தான் வரும். ஒரு காது மட்டும் போனவர்களுக்கு 40 வராததன் காரணம் இதுதான்.

சோதனை மிஷின் இல்லாமல்தான் நடக்கும். ஆனாலும் மிஷினை எடுத்துப் போகச் சொல்லுங்கள், கூப்பிடுவதும் வழி கேட்பதும் அது இல்லாமல் முடியாது. ஒரு வாரம் முன்னால் இ.என்.டி.யில் காட்டிக் காதில் அழுக்கு இருந்தால் எடுத்துவிட வேண்டும். சளி, காதில் சீழ் இருந்தால் தேதியை மாற்றிக் கேளுங்கள். குணமாகக்கூடிய இழப்பை நிரந்தரம் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

வைப்பாற்றுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வகையையும் போட்டு அனுப்பிவிட்டேன். தினக்குறிப்பும் எழுத ஆரம்பித்தாகிவிட்டது. அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது, பல் தேய்க்கப் பேஸ்ட் பிதுக்கித் தருவதுகூட அவர்தானாம். இன்னும் இரண்டு சந்தேகம். அப்பாவால் கையெழுத்துப் போட முடியாது. 40-க்குக் கீழே போட்டுவிட்டால் என்ன செய்வது?

பச்சைமை:

கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை. கோணலாக இழுத்துப் பழைய கையெழுத்தைப் போட வைக்காதீர்கள், அது பேங்கில் உள்ளதோடு ஒத்துப்போகாமல் பின்னால் தொல்லையாகும். பணம் வரப்போகும் பேங்க் கணக்கிலும் இப்போதே ரேகைக்கு மாற்றிவிடுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த மொபைல் எண் யாருடையதோ அவரும் அன்று கூட வர வேண்டும், ஓ.டி.பி. கேட்டால் ஓட வேண்டியிருக்காது.

2024 திருத்தத்தின்படி விண்ணப்பம் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும். முன்பு ஒரு மாதம் என்றிருந்தது. மூன்று மாதம் தாண்டினால் விண்ணப்ப எண்ணோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டுவிட்டு வராதீர்கள்.

சதவீதம் குறைவாக வந்தால் முதலில் ஏன் என்று பாருங்கள். பேச்சு மதிப்பிடப்பட்டதா, இல்லை கை கால் மட்டுமா? பல சமயம் பேச்சுப் பயிற்சியாளர் அன்று லீவு என்பதால் அந்தக் கட்டம் காலியாகவே போயிருக்கும். அப்படியென்றால் மறுமதிப்பீடு கேளுங்கள். எல்லாம் பார்த்த பிறகும் உடன்பாடில்லை என்றால் சட்டத்தின் 59-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி தருகிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். மேல்முறையீடு நிற்பது அந்தக் காரணத்தின் மேல்தான். புது ரிப்போர்ட் இல்லாமல் அதே ஃபைலோடு போனால் அதே எண்தான் வரும்.

சான்றிதழ் கையில் வந்ததும் அங்கேயே நின்று நாலு இடம் படியுங்கள்: பெயர், எந்தப் பக்கம் பாதிப்பு, சதவீதம், நிரந்தரமா தற்காலிகமா. வலது என்பதற்கு இடது என்று விழுந்துவிடும். தற்காலிகம் என்றால் எந்தத் தேதி வரை என்று பார்த்து, அதற்கு மூன்று மாதம் முன்னால் காலண்டரில் குறித்துவிடுங்கள். காலாவதி தேதி தாண்டினால் உதவித்தொகை நின்ற பிறகுதான் நமக்கே தெரியவரும்.

எட்டாம்படி:

பேஸ்ட் பிதுக்குவதையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு கை வேண்டிய வேலை அது. பாட்டில் மூடி திறப்பது, சப்பாத்தி பிய்ப்பது, செருப்பின் வார் மாட்டுவது, இவற்றையும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எட்டு மாதமாகக் கூடவே செய்து பழகியதால் தான் செய்வது உதவி என்றே அவருக்குத் தோன்றாது.